மொசாம்பிக்கின் முந்திரி: உலகச் சந்தை ஓர் ஏழை நாட்டை என்ன செய்தது?

ஆற்றங்கரை எழுதியது:

நண்பர்களே, உலகமயம் பற்றி இங்கே நடந்த பழைய விவாதங்கள் எல்லாம் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து அடங்கிவிட்டன. இந்த முறை ஒரு நாட்டையும் ஒரு பயிரையும் மட்டும் எடுத்துப் பேசிப் பார்ப்போம். நாடு மொசாம்பிக், உலகின் மிக ஏழ்மையான நாடுகளில் ஒன்று. பயிர் முந்திரி.

1970களின் தொடக்கத்தில் உலகத்திலேயே அதிகமாக முந்திரிக்கொட்டை விளைந்தது அங்கேதான். ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல். பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த மரம். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மரம் வைத்திருக்கும் சிறு குடும்பங்களின் பயிராகவே அது பரவியது. ஏறக்குறைய 10 லட்சம் குடும்பங்களுக்கு அதில் பங்குண்டு. அந்தக் கொட்டையில் ஒரு பகுதி அப்போதே கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, இங்கே பருப்பாகி, மேலை நாடுகளுக்குப் போனது.

1975-ல் விடுதலை. புதிய அரசு, கொட்டையாக ஏற்றுமதி செய்வதற்குத் தடை போட்டது. உள்ளூர் ஆலையில் உடைத்த பருப்புதான் வெளியே போகலாம் என்றது. பிறகு 1992 வரை நீண்ட உள்நாட்டுப் போர். சாலை போயிற்று, கிராமத்துக் கடை போயிற்று, ஊர்விட்டு ஓடிய மக்களுக்கு மரத்தடிக்குத் திரும்ப வழியில்லை. அரசு கொடுத்த விலையும் குறைவு. எண்பதுகளின் இறுதியில் விளைச்சல் பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாக வந்துவிட்டது.

போர் முடிந்ததும் ஆலைகளைத் தனியாருக்கு விற்கும் வேலை தொடங்கியது. 1994, 1995-ல் வாங்கியவர்கள், பழைய தடைக்குப் பதிலாகக் கொட்டை ஏற்றுமதியின் மீது வந்திருந்த வரி நீடிக்கும் என்று நம்பிப் பணம் போட்டார்கள். அதே 1995-ல் உலக வங்கி, அந்த வரியைக் குறைத்துக்கொண்டே போகவேண்டும் என்பதைக் கடனுதவிக்கு நிபந்தனையாக்கியது. வரி படிப்படியாக 14 விழுக்காட்டுக்கு இறங்கியது. கொட்டை இந்தியாவுக்குப் போனது, ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. 2001 வாக்கில், சுமார் 11,000 ஆலைத் தொழிலாளர்களில் 8,500 பேருக்கு வேலை இல்லை.

மார்கரெட் மெக்மில்லன், டேனி ரோட்ரிக், கேரன் ஹார்ன் வெல்ச் என்ற மூன்று பொருளியலாளர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வரிக்குறைப்பால் விவசாயிகளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஆண்டுக்கு 53 லட்சம் டாலர். குடும்பத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 5.30 டாலர். ஒரு முழு ஆண்டுக்கு! ஆலைகள் மூடியதால் ஏற்பட்ட இழப்பு அந்த ஆதாயத்தைக் கிட்டத்தட்ட முழுதாகவே தின்றுவிட்டது.

கதவைத் திறந்தது சரியா என்பதைவிட, எப்போது திறப்பது, எதை முதலில் திறப்பது என்ற முடிவு தலைநகர் மபூட்டோவில் இருந்தவர்கள் கையில் இல்லாமல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது. மற்றவர்கள் சொல்லுங்கள்.

---

துலாக்கோல் எழுதியது:

ஐயா, நீங்கள் தந்த எண்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 11,000 தொழிலாளர்களைப் பற்றிப் பேசும்போது அந்த 10 லட்சம் குடும்பங்கள் பின்னால் போய்விடுகின்றன.

ஏற்றுமதி வரி என்றால் என்ன? கொட்டை வெளியே போவதைத் தடுத்து உள்ளூரில் அதன் விலையை அழுத்தி வைப்பது. அந்த மலிவு விலையில் ஆலை வாங்குகிறது. மொசாம்பிக்கில் ஆலைக்காரர் நகரத்தில் செல்வாக்குள்ளவர், மரம் வைத்திருப்பவர் நம்புலா மாகாணத்தில் ஒரு வேளை உணவுக்குத் திண்டாடுகிறவர். ஏழையிடம் பிடுங்கித் தொழிலை வளர்ப்பதை நாம் எப்படி ஆதரிப்பது? முந்திரி மரம் நட்டுக் காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். விலை கிடைக்காது என்று தெரிந்தால் யார் புதுக் கன்று நடுவார்? அங்கே மரங்கள் கிழடாகிப் போனதற்கும் பூங்கொத்தில் சாம்பல் நோய் பரவியபோது மருந்து தெளிக்க ஆளில்லாமல் போனதற்கும் அந்த மலிவு விலையும் ஒரு காரணம்.

இன்னொன்று. அந்த ஆலைகளில் இருந்தவை பெரிய இயந்திரங்கள். அவை கொட்டையோடு பருப்பையும் உடைத்துவிடும். முழுப் பருப்புக்கும் உடைந்த பருப்புக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று பண்ருட்டிக்காரர்களைக் கேளுங்கள். அப்படிப் பருப்பாக்கி விற்பதைவிடக் கொட்டையாகவே விற்றால் நாட்டுக்குக் கூடுதல் டாலர் வரும் என்பதுதான் உலக வங்கியின் வாதம். அதை அப்படியே ஒதுக்கித் தள்ள முடியாது.

---

கல்லுக்கூட்டம் எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குமரி மாவட்டத்தில் முந்திரி ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். எங்கள் அம்மா அண்டி ஆபீசுக்குப் போய்த்தான் எங்களைப் படிக்க வைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா, சித்தி, அவர்கள் மாமியார் எல்லோருக்கும் அதே வேலைதான்.

நம் ஊர் முந்திரி பங்குனி, சித்திரையில்தான் வரும். மற்ற மாதங்களில் வேலை நடக்க வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவிலிருந்து சாக்கு வரவேண்டும். ஆப்பிரிக்கா அண்டி வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் ஆபீஸ் பூட்டு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அப்படித்தான். அந்தச் சாக்கு அங்கே ஒரு ஆலையின் கதவை மூடிவிட்டு வருகிறது என்று இங்கே யாருக்குத் தெரியும்? அம்மாவுக்குத் தெரியாது. எனக்கே கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அங்கே போன வேலை இங்கே வந்து யாரையாவது செழிக்க வைத்ததா என்று கேட்டால், வயிறு நிறைந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது எப்படிப்பட்ட வேலை என்பதையும் சொல்ல வேண்டும். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுத்துப்போகும். சாம்பலைக் கையில் தேய்த்துக்கொண்டு உடைப்பார்கள். நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து, எடைக்கணக்கில் கூலி. அந்த மலிவுக் கூலியை வைத்துத்தான் மொசாம்பிக் ஆலையைவிட இங்கே அதிக விலை கொடுத்துக் கொட்டை வாங்க முடிந்தது. துலாக்கோல் சொல்கிற அந்தக் கூடுதல் டாலரில் எங்கள் அம்மாவின் விரல் நுனியும் இருக்கிறது.

இப்போது நிலைமை வேறு. வியட்நாமில் இயந்திரத்தில் உடைக்கிறார்கள். கொல்லத்திலும் எங்கள் பக்கத்திலும் எத்தனையோ ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. அங்கிருந்து இங்கே, இங்கிருந்து வியட்நாம். வேலை போன பெண்களுக்கு வேறு வேலை என்ன என்று மூன்று இடத்திலும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மொசாம்பிக் ஆலைகளில் வேலை பார்த்ததும் பெண்கள்தானா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

---

சரக்குப்பெட்டி எழுதியது:

தூத்துக்குடியில் இறக்குமதிச் சரக்கை விடுவிக்கும் வேலையில் இருக்கிறேன். முந்திரிக்கொட்டைப் பெட்டிகள் கையில் நிறைய போயிருக்கின்றன. எனவே நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

தான்சானியா, மொசாம்பிக் அறுவடை அக்டோபரில் தொடங்கித் தை மாதம் வரை போகும். மேற்கு ஆப்பிரிக்கா மாசி, பங்குனியில் நம்மோடு சேர்ந்து வரும். ஆக கிழக்கு ஆப்பிரிக்கச் சரக்குக்கு அந்த நேரத்தில் போட்டி குறைவு. விற்கிறவர் பேரம் பேச வசதியான காலம் என்று தோன்றும். ஆனால் ஈரப்பதமான இடத்தில் கொட்டையை வைத்திருந்தால் கெட்டுப்போகும். கிடங்கு இல்லாதவர், கைக்கடன் இருப்பவர், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடத்தான் வேண்டும். நம்புலாவின் விவசாயிக்குக் கிடங்கும் இல்லை, கடனும் உண்டு. அதனால் துறைமுக விலை ஏறினாலும் அந்த ஏற்றம் ஊருக்குள் போய்ச் சேருவதற்குள் இரண்டு மூன்று கைகளில் கரைந்துவிடும். அந்த 5.30 டாலர் கணக்கு எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இன்னொரு விஷயத்தையும் பார்க்கவேண்டும். நம் நாட்டுப் பொதுத் தீர்வையில் கொட்டைக்கு 2018 முதல் 2.5 விழுக்காடு. அதே முந்திரி பருப்பாக வந்தால்? 2019 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 45-லிருந்து 70 விழுக்காடாக ஏற்றினார்கள். நம் ஆலைகளைக் காப்பாற்றத்தான் அது, நான் குறை சொல்லவில்லை. என் சொந்தக்காரர்களே முந்திரி ஆலை வைத்திருக்கிறார்கள். ஆனால் தன் ஆலையைக் காக்க வரி வைக்காதே என்று மொசாம்பிக்கிடம் சொன்னவர்கள் நம்மிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. நாம் பெரிய நாடு. அவர்கள் அன்று தங்கள் அரசின் செலவில் பெரும்பங்குக்கு வெளிநாட்டு உதவியை நம்பியிருந்தார்கள்.

---

ஆற்றங்கரை எழுதியது:

கல்லுக்கூட்டம், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆம், பெண்கள்தான் அதிகம். மபூட்டோவுக்கு லூரென்சு மார்க்கிஸ் என்று பெயர் இருந்த காலத்தில், 1950களின் தொடக்கத்தில் சமங்குலு என்ற பகுதியில் இந்திய வம்சாவளி வணிகர் ஒருவர் முந்திரி ஆலை தொடங்கினார். கணவனை இழந்தவர்களும் தனித்து விடப்பட்டவர்களும் கிராமத்தை விட்டு வந்து அங்கே சேர்ந்தார்கள். நகரத்தில் ஆப்பிரிக்கப் பெண்களுக்குக் கூலி வேலை தந்த மிகச் சில இடங்களில் முந்திரி ஆலை முதன்மையானது. 1990களில் கதவடைத்தபோது அந்த வழி போயிற்று.

துலாக்கோல், விவசாயி பக்கம் நீங்கள் நிற்பதை மதிக்கிறேன். ஆனால் கொட்டையாகவே விற்பது என்றால் யாருக்கு விற்பது? அந்தக் காலத்தில் மொசாம்பிக் கொட்டையை வாங்க இந்தியாவை விட்டால் ஆள் இல்லை. உள்ளூர் ஆலை என்ற இரண்டாவது வாடிக்கையாளர் மறைந்ததும் விவசாயியின் பேரம் இன்னும் இளைத்தது. சந்தையைத் திறந்தால் போட்டி வரும் என்று சொன்ன கொள்கை, இருந்த ஒரு போட்டியாளரையும் இல்லாமல் செய்தது.

இதன் பிறகு நடந்ததையும் சேர்த்தால்தான் கதை முழுமை. 1999-ல் மொசாம்பிக் நாடாளுமன்றம் வரியை 18 முதல் 22 விழுக்காடு வரை என்று திரும்ப உயர்த்திச் சட்டம் போட்டது. பழைய பெரிய இயந்திரங்களைக் கைவிட்டு, நம் ஊர்ப் பாணியில் கையாலும் காலாலும் இயக்கும் வெட்டுக்கருவிகளை வைத்து நம்புலா பக்கம் சிறிய ஆலைகள் முளைத்தன. பழைய ஆலைகள் மபூட்டோ போன்ற துறைமுக நகரங்களில் இருந்தன. புதியவை மரத்தடிக்குப் பக்கத்திலேயே வந்தன. அடுத்த பத்தாண்டுகளில் மீண்டும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை. துலாக்கோல் சொன்ன உடைந்த பருப்புப் பிரச்சினைக்கு அங்கேயே தீர்வு இருந்திருக்கிறது. 1995-ல் ஐந்தாறு ஆண்டு அவகாசம் கொடுத்திருந்தால் மூடாமலேயே மாறியிருக்கலாம்.

சர்க்கரையில் அப்படித்தான் நடந்தது. போரில் நொறுங்கிய ஷினவானே, மரொமெயு போன்ற ஆலைகளைத் திருத்தும்வரை இறக்குமதிச் சர்க்கரைக்குக் கூடுதல் தீர்வை வைத்தார்கள். பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) எதிர்த்தது. இந்த முறை அரசு விட்டுக்கொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்க, மொரீஷியஸ் முதலீடு வந்தது, ஆயிரக்கணக்கில் வேலை திரும்பியது, ஐரோப்பியச் சந்தையும் கிடைத்தது. முந்திரியில் அடிபட்ட பாடம்தான் அந்த உறுதியைக் கொடுத்தது என்பது என் கணிப்பு.

---

நக்காலா_நாட்கள் எழுதியது:

வணக்கம். சில காலம் வடக்கு மொசாம்பிக்கில் பயறு, பருப்பு வகைகளை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். நக்காலா துறைமுகம், உள்ளே நம்புலா, ஸாம்பேசியா மாகாணம் என்று அலைந்தது. முந்திரி பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். துவரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நாம் தினம் சாம்பாரில் போடுகிற அதே துவரை.

2015-ல் இங்கே துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். 2016 ஜூலையில் பிரதமர் மோதி மபூட்டோ போனபோது ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மொசாம்பிக்கிலிருந்து முதல் ஆண்டு 1 லட்சம் டன் வாங்குகிறோம், சில ஆண்டுகளில் அதை 2 லட்சமாக்குகிறோம் என்று. அந்தச் செய்தி எவ்வளவு வேகமாகக் கிராமத்துக்குப் போனது தெரியுமா? வானொலியில் சொன்னார்கள், வாங்குகிற தரகர்கள் சொன்னார்கள், விதை கொடுத்த தொண்டு நிறுவனங்கள் சொன்னார்கள். மக்காச்சோளத்துக்கு நடுவே ஊடுபயிராக ஒரு வரிசை துவரை போட்டவர்கள் இன்னும் நிலம் வெட்டித் துவரையாகவே போட்டார்கள்.

அதே பருவத்தில் இந்தியாவில் மழை நன்றாகப் பெய்தது. நம் துவரை விளைச்சல் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 25 லட்சம் டன்னிலிருந்து 48 லட்சம் டன்னாயிற்று. இங்கே விலை விழுந்தது, நம் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 2017 ஆகஸ்டில் அரசு துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. மொசாம்பிக் ஒப்பந்த அளவுக்கு விலக்கு உண்டு என்றார்கள். உண்மைதான். ஆனால் வயலில் நின்ற துவரை ஒப்பந்த அளவை மீறியிருந்தது. விலை எங்கே போகும் என்று தெரியாத வணிகர்கள் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஆகஸ்ட் என்பது அங்கே அறுவடைக் காலம். மூட்டை கட்டி, தலையில் சுமந்து, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்கு வந்தார்கள். முந்தைய ஆண்டு விலையில் ஒரு சிறு பங்குதான் சொல்ல முடிந்தது. நான் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்றவன். ஒரு பெரியம்மா கோபப்படவில்லை, போர்த்துகீசியத்திலும் மக்குவா மொழியிலுமாகக் கேட்டார்: "போன வருசம் இதையேதானே கேட்டீர்கள்?" அந்த ஊரில் யாருக்கும் இந்தியாவின் பருவமழை பற்றித் தெரிய வழியில்லை. தெரிந்தவர்கள் நாங்கள். சொல்லும் பொறுப்பு எங்களுக்கு இருந்தது என்று இன்றும் நம்புகிறேன். நிறுவனத்துக்கு அது பொறுப்பாகத் தெரியவில்லை.

அங்கே துவரையை உள்ளூரில் சாப்பிடுவது குறைவு. விற்காவிட்டால் வேறு சந்தைக்குக் கொண்டுபோவதும் கடினம், உலகத்தில் துவரையை இவ்வளவு வாங்குகிற நாடு நாம் ஒருவர்தான். ஆற்றங்கரை முந்திரியில் சொன்ன அதே ஒற்றை வாடிக்கையாளர் பிரச்சினை. இங்கே அதில் உலக வங்கி இல்லை, வெள்ளைக்காரன் இல்லை. நாம்தான் இருக்கிறோம்.

---

துலாக்கோல் எழுதியது:

நக்காலா அண்ணன் எழுதியது மனதைப் பிசைகிறது. துவரை விஷயத்தில் நான் வாதாட ஒன்றுமில்லை, ஏறி இறங்கும் கொள்கை யாருக்கும் நல்லதல்ல.

ஆனாலும் தட்டின் மறுபக்கத்தை வைக்காமல் விட்டால் மொசாம்பிக் மக்களுக்கே நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். 1990-ல் அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 240 பேர் அளவில் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். இன்று அது 70 அளவில். தடுப்பூசி, கொசுவலை, மலேரியா மருந்து எல்லாம் எங்கிருந்து வந்தன? எச்.ஐ.வி. மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விலை இருந்தபோது, 2001-ல் இந்தியாவின் சிப்லா மருந்து நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. வயது வந்தவர்களில் எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் அந்தக் கிருமி பரவிய நாடு அது. இந்திய மருந்தும் வெளிநாட்டு நிதியும் சேர்ந்திராவிட்டால் எத்தனை உயிர் போயிருக்கும்?

கைப்பேசியும் அப்படியே. வியட்நாமின் வியட்டெல் பங்குதாரராக உள்ள மொவிட்டெல் 2012-ல் வந்த பிறகுதான் பல உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கோபுரம் போனது. வறுமை விகிதம் 1996-97-ல் 69 விழுக்காடு, 2002-03-ல் 54. நாடு இருபதாண்டுகள் ஆண்டுக்கு 7 விழுக்காட்டை ஒட்டி வளர்ந்தது. மூடிய நாடாக இருந்தால் இது நடந்திருக்குமா?

---

வடலி எழுதியது:

வணக்கம். கனகாலமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருக்கிறனான். எங்கட இலங்கை 2022-ல கடன் கட்டேலாமல் நிண்டதைப் பாத்த ஆள் எண்டபடியால், மொசாம்பிக்கின்ர கடன் கதையை இஞ்ச ஆரும் எடுக்கேல்லை எண்டதும் எழுத வேண்டி வந்திட்டுது.

துலாக்கோல் சொன்ன மருந்தும் தடுப்பூசியும் உண்மை. அதை ஆரும் குறைச்சுச் சொல்லேலாது. ஆனால் அந்த 7 விழுக்காடு வளர்ச்சி எங்க இருந்து வந்தது எண்டு பாருங்கோ. மபூட்டோவுக்குப் பக்கத்தில மொசால் அலுமினிய ஆலை 2000-ல திறந்தது. மூலப்பொருள் அவுஸ்திரேலியாவில இருந்து கப்பல்ல வந்தது, மின்சாரம் தென்னாப்பிரிக்கா ஊடாக வந்தது, அலுமினியம் திரும்பக் கப்பல்ல போனது. நாட்டின்ர ஏற்றுமதிக் கணக்கு ஒரேயடியா எகிறினது, நேரடி வேலை கிடைச்சது ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு. வரி, விற்பனையில 1 விழுக்காடு. மொசாம்பிக்கின்ர சொந்தக் கஹோரா பாசா அணையில உற்பத்தியாகிற மின்சாரத்தில பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவுக்குப் போகுது. பக்கத்துக் கிராமத்தில விளக்கு இல்லை.

பிறகு டெட்டே மாகாணத்து நிலக்கரி. பிரேசிலின்ர வாலே நிறுவனம் சுரங்கத்துக்காக ஊரோட கிளப்பிக் கத்தேமேயில குடியேத்தின சனம், தண்ணியும் விளையிற நிலமும் இல்லையெண்டு 2012 ஜனவரியில ரயில் பாதையை மறிச்சது. ரியோ டின்டோ எண்ட இன்னொரு சுரங்க நிறுவனம் 2011-ல ஏறத்தாழ 400 கோடி டாலர் குடுத்து வாங்கின சுரங்கங்களை 2014-ல 5 கோடி டாலருக்கு இந்திய அரசு நிறுவனங்களின்ர கூட்டமைப்புக்கு வித்திட்டுப் போனது. அவைக்கு அது ஒரு நட்டக் கணக்கு. எழுப்பி விட்ட சனத்துக்கு?

பெரிய அடி, எரிவாயு வரப்போகுது எண்ட நம்பிக்கையில வந்தது. 2013, 2014-ல மூண்டு அரசு நிறுவனங்களின்ர பேரில, சூரை மீன் பிடிக்க, கரையைக் காக்க, கப்பல் பழுதுபார்க்க எண்டு 200 கோடி டாலர் அளவில கடன். சுவிட்சர்லாந்தின்ர கிரெடிட் சுவிஸ் வங்கி, ரஷ்யாவின்ர விடிபி வங்கி குடுத்தது. அரச உத்தரவாதம் குடுத்தவர் நிதியமைச்சர் மனுவேல் சாங், நாடாளுமன்றத்துக்கே தெரியாது. 2016-ல மறைச்ச பகுதி வெளியில வந்ததும் பன்னாட்டு நிதியமும் உதவி நாடுகளும் நேரடிப் பணத்தை நிப்பாட்டிச்சினம். 2014-ல ஒரு டாலருக்கு 30 மெட்டிக்கால் அளவில இருந்த நாணயம் 2016 கடைசியில 70-ஐத் தாண்டிச்சுது. அரிசி, கோதுமை இறக்குமதி செய்யிற நாட்டில அது எப்பிடி இருந்திருக்கும் எண்டு எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. கிரெடிட் சுவிஸ் 2021-ல அமெரிக்க, பிரித்தானிய அதிகாரிகளோட ஏறத்தாழ 47.5 கோடி டாலருக்கு வழக்கை முடிச்சுது. சாங்குக்கு 2025 ஜனவரியில நியூயோர்க்கில எட்டரை வருசச் சிறை. சனம் இழந்த வருசங்கள் திரும்பி வராது. 54-க்கு இறங்கின வறுமை பிறகு 46 வரைக்கும் போனது. இப்ப திரும்ப 60-ஐத் தாண்டி நிக்குது.

அந்த எரிவாயு இருக்கிற வடக்குக் கபோ டெல்காடோ மாகாணத்தில 2017 அக்டோபரில ஆயுதக் கிளர்ச்சி தொடங்கினது. 2021 மார்ச்சில பால்மா நகரத்தைத் தாக்கின கையோட, எரிவாயு எடுக்க வந்த பிரான்சின்ர டோட்டல் நிறுவனம் வேலையை நிப்பாட்டிச்சுது. எட்டு லட்சம் பேர் அளவில இடம்பெயர்ந்தவை. இடையில, 2019 மார்ச்சில இடாய் புயல் பெய்ரா நகரத்தை அடிச்சுத் துவைச்சுது. உலகத்தின்ர கரிப்புகையில மொசாம்பிக்கின்ர பங்கு கணக்கில வராத அளவு. புயலுக்குப் பிறகு நிதியம் குடுத்தது 11.8 கோடி டாலர். வட்டியில்லை, ஆனால் அதுவும் கடன்தான்.

கள்ளக் கையெழுத்து வைச்சவை உள்ளூர் ஆக்கள், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். ஆனால் அந்தக் கையெழுத்துக்குக் காசு எண்ணிக் குடுத்தவை லண்டனிலையும் சூரிச்சிலையும் இருந்தவை.

---

துலாக்கோல் எழுதியது:

வடலி, கடன் விஷயத்தில் நீங்கள் சொல்வதோடு உடன்படுகிறேன். மறைத்துக் கொடுத்த கடனை நாட்டின் தலையில் கட்டியது தவறு. மொசாலுக்குக் கொடுத்த வரிச்சலுகையும் அளவுக்கு மீறியது. ஆனால் கொட்டை ஏற்றுமதி வரி கடைசியில் விவசாயியின் தலையில்தான் விழுகிறது என்ற என் கருத்து மாறவில்லை. ஆலைக்கு உதவ வேண்டுமென்றால் அரசு தன் பணத்திலிருந்து நேரடியாக உதவட்டும்.

---

ஆற்றங்கரை எழுதியது:

அரசிடம் அந்தப் பணம் இருந்தால் நாம் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டோம், துலாக்கோல். வரி வசூலிக்கத் துறைமுகத்தை விட்டால் வேறு இடம் இல்லாத அரசு அது. 1999 சட்டத்தில் வந்த வரிப்பணத்தின் ஒரு பங்கு தேசிய முந்திரி நிறுவனத்தின் வழியாகக் கன்று நடவும் சாம்பல் நோய்க்கு மருந்து தெளிக்கவும் போனது. விவசாயியிடம் எடுத்ததில் கொஞ்சமாவது விவசாயிக்குத் திரும்பிய ஏற்பாடு. நீங்கள் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் நடுவில் அவர்களே கண்டுபிடித்த வழி என்று இதைப் பார்க்கிறேன்.

---

கல்லுக்கூட்டம் எழுதியது:

நக்காலா அண்ணே, ஒரு கேள்வி. உலக வங்கியையும் லண்டன் வங்கியையும் நாம் ஒன்றும் செய்ய முடியாது. துவரை நம் கையில் இருக்கிறது என்றீர்கள். அங்கே இருந்தவர் என்ற முறையில், நம் அரசு என்ன ஒன்றைச் செய்தால் அந்தப் பெரியம்மாவுக்கு உதவும்?

---

நக்காலா_நாட்கள் எழுதியது:

தம்பி, ஒன்றே ஒன்று என்றால் என் பதில் தேதி.

வடக்கு மொசாம்பிக்கில் துவரையை மக்காச்சோளத்தோடு நவம்பர், டிசம்பரில் விதைப்பார்கள். ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் அறுப்பார்கள். வாங்கப்போகிறோமா, எவ்வளவு, என்ன தீர்வையில் என்பதை விதைப்புக்கு முன்னால், அதாவது அக்டோபருக்குள் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு அந்தப் பருவம் முடியும்வரை மாற்றக்கூடாது. 2021-லிருந்து துவரை இறக்குமதியைத் தாராளமாகத் திறந்து, ஓராண்டு ஓராண்டாக நீட்டிக்கொண்டு வந்தார்கள். 2026 மார்ச் வரைக்குமான நீட்டிப்பு 2025 ஜனவரியில் வந்தது. அந்த நேரத்தில் அங்கே செடி முளைத்து நின்றது, நிலத்தில் எவ்வளவு போடுவது என்று முடிவெடுக்கும் காலம் தாண்டிவிட்டிருந்தது.

2021 செப்டம்பரில் மொசாம்பிக்கோடு ஒப்பந்தத்தை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தார்கள், ஆண்டுக்கு 2 லட்சம் டன். ஐந்தாண்டு உறுதி என்பது நல்ல மாற்றம், அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதில் அளவு இருந்தது, விவசாயிக்கு என்ன விலை என்பது இருக்கவில்லை. நம் விவசாயிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறோம் அல்லவா? அதே போல ஒப்பந்தத்துக்குள் வரும் துவரைக்கு ஒரு அடிவிலை எழுதிவிட்டால், கொள்முதல் நிலையத்தில் தராசு வைத்திருப்பவன் அதற்குக் கீழே கேட்க முடியாது.

நம் விவசாயிக்கு இதனால் பாதிப்பு வராதா என்று நீங்கள் கேட்கலாம். நம் துவரை டிசம்பரிலிருந்து சந்தைக்கு வரும், அவர்களுடையது ஆகஸ்டிலிருந்து கிளம்பும். கப்பல் நவம்பருக்குள் வந்து முடியும்படி காலம் வகுத்தால் இரண்டும் மோதாது. நக்காலாவிலிருந்து தூத்துக்குடிக்குச் சரக்கு எத்தனை நாளில் வரும், நடுவில் எங்கே மாற்றி ஏற்றுகிறார்கள் என்பதைச் சரக்குப்பெட்டி நண்பர்தான் சரியாகச் சொல்ல முடியும். அவர் எழுதினால் ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் நடுவில் எத்தனை நடை கப்பல் விடலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.